ட்ரான்சிஷன் வெட்டில் பொருந்தாமல் ஒரு பிரேம் எட்டிப் பார்ப்பது ஏன்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு) வீடியோ ஒன்றைப் பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் செய்கிறீர்கள், நெட்டில் இருந்து இறக்கிய ட்ரான்சிஷன் பேக் (ஒரு காட்சியில் இருந்து அடுத்ததுக்கு மாறும் எபெக்ட்டுகளின் தொகுப்பு) ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் எபெக்ட் வெட்டு வருவதற்கு முன்னாலேயே ஓடி முடிந்துவிடுகிறது, சில இடங்களில் திரை மூடவேண்டிய நேரத்தில் பழைய காட்சி ஒரேயொரு பிரேம் (வீடியோவின் ஒற்றைப் படம்) எட்டிப் பார்க்கிறது, வேறு சில இடங்களில் ட்ரான்சிஷன் பெட்டியின் மேல் சாய்ந்த கோடுகள் விழுகின்றன. "பிரீமியர் பழுதா, பேக் பழுதா, பேசாமல் ரிசொல்வுக்கு மாறவா, அண்ணைமார் யாராவது சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள். இது ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே மூன்று நோய் இருக்கிறது, மூன்றுக்கும் மருந்து வேறு. ரிசொல்வ் என்ற மற்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறினால் மூன்றும் உங்கள் பின்னாலேயே வரும்.

நான் யாழ்ப்பாணத்தில் 15 வருடத்துக்கு மேலாகக் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோவில் தேர் என்று வெட்டிக்கொண்டிருக்கிறவன். பெரும்பாலும் பிரீமியர், நிறம் சரிசெய்ய ரிசொல்வ். பைனல் கட் பாவித்ததில்லை, அதனால் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். உங்கள் புரொஜெக்டையும் நான் பார்க்கவில்லை. ஆகவே மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் பகுதியை நிச்சயம் என்று எடுங்கள், உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லும் பகுதியை ஊகம் என்று எடுங்கள். இன்னொன்று, 'கட்' என்று எழுதத் தொடங்கினால் இரண்டு வரிக்குள் 'கட்டில்' என்று வந்து எல்லோரும் படுத்துவிடுவார்கள், அதனால் ஒரு கிளிப் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை வெட்டு என்றே எழுதுகிறேன்.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. எட்டிப் பார்க்கும் அந்த ஒரு பிரேம் உண்மையிலேயே ட்ரான்சிஷனால் வந்ததா என்று பாருங்கள். டைம்லைனை நன்றாகப் பெருப்பித்து, ட்ரான்சிஷனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வெட்டு இருக்கும் இடத்தில் அம்பு விசையால் ஒவ்வொரு பிரேமாக நடவுங்கள். இரண்டு கிளிப்புக்கும் இடையில் நூல் மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால், அது நீங்கள் ரேசர் (வெட்டும் கருவி) கொண்டு இரண்டு தடவை வெட்டியபோது மிஞ்சிப்போன ஒரு பிரேம். அதை அழித்து இடைவெளியை மூடினால் கதை முடிந்தது. சிரிக்கவேண்டாம், 'ட்ரான்சிஷன் பழுது' என்று என்னிடம் லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்த பொடியன்மாரில் கனபேருக்கு இதுதான் நோய். எனக்கும் வந்திருக்கிறது.

அது இல்லையென்றால் அடிப்படைக்குப் போவோம். வெட்டு என்பது ஒரு பிரேம் இல்லை, இரண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கும் கோடு. இது விளங்கினால் அரைவாசிப் பிரச்சினை போய்விடும். செக்கனுக்கு 25 பிரேம் ஓடும் டைம்லைனில் ஒரு செக்கன் நீளமான ட்ரான்சிஷனைப் போட்டு 'வெட்டுக்கு நடுவில் வை' என்று சொன்னால், 25ஐச் சரிபாதியாகப் பிரிக்க மென்பொருளிடம் அரைப் பிரேம் கிடையாது. ஒரு பக்கம் 12, மற்றப் பக்கம் 13 என்றுதான் போகமுடியும். ஒரு காட்சி மற்றதுக்குள் கரையும் சாதாரண டிசால்வில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லாம் கலங்கித்தான் இருக்கும். ஆனால் திரை முழுதாக மூடுவதே ஒரு பிரேம்தான் என்கிற விப் (படம் சட்டென்று பக்கவாட்டில் ஓடுவது), பிளாஷ் மாதிரியானவற்றில் அந்த ஒரு பிரேமில்தான் எல்லாமே இருக்கிறது, அது பக்கத்து வீட்டுக்குப் போனால் பழைய காட்சி எட்டிப் பார்க்கும். ஆகவே நீளத்தை எப்போதும் இரட்டை எண்ணில் வையுங்கள். நான் விப்புக்கு 12, சூமுக்கு 20, டிசால்வுக்கு 24 வைக்கிறேன். இரட்டை எண் என்பது கணக்கு, அந்த எண்கள் என் ருசி.

ட்ரான்சிஷன் என்று ஒரே பெயரால் கூப்பிட்டாலும் பேக்குகளில் மூன்று விதம் கலந்து வரும், அதுதான் குழப்பத்தின் வேர். வெட்டின் மேல் இழுத்துப் போடும் உண்மையான ட்ரான்சிஷன் ஒன்று. மேல் ட்ராக்கில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள காட்சிகளில் எபெக்ட் விழவைக்கும் வெற்று லேயர்) போட்டு அதன் மேல் பிரீசெட்டை, அதாவது முன்கூட்டியே அமைத்த எபெக்ட்டை, போடுவது இன்னொன்று. மூன்றாவது, ஒளிக்கசிவு, மைச் சிதறல், புகை மாதிரி ஏற்கனவே ரென்டர் செய்த ஒரு வீடியோவை மேலே வைத்து மூடுவது. சாய்ந்த கோடு முதலாவதில் மட்டும்தான் வரும். முன்னாலேயே ஓடி முடிவது அநேகமாக இரண்டாவது. எட்டிப் பார்க்கும் பிரேம், துண்டு மிஞ்சியதால் வந்தது இல்லையென்றால், மூன்றாவதாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

சாய்ந்த கோடு பழுது இல்லை, எச்சரிக்கை. உண்மையான ட்ரான்சிஷன் நடக்கும்போது இரண்டு கிளிப்பும் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். அதாவது முதல் கிளிப் வெட்டுக்குப் பிறகும் கொஞ்சம் தொடரவேண்டும், இரண்டாவது கிளிப் வெட்டுக்கு முன்னாலேயே கொஞ்சம் தொடங்கியிருக்கவேண்டும். சட்டை தைக்கிறவர் தையலுக்கு என்று ஓரத்தில் துணி விட்டு வெட்டுவாரே, அதே மாதிரி. இதை ஹான்டில் என்று சொல்வோம். 24 பிரேம் ட்ரான்சிஷன் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் 12 பிரேம் துணி வேண்டும். நீங்கள் கிளிப்பை அது தொடங்கும் முதல் பிரேமில் இருந்து, அல்லது முடியும் கடைசிப் பிரேம் வரை பாவித்திருந்தால் துணி இல்லை. அப்போது பிரீமியர் 'போதிய காட்சி இல்லை, பிரேம்களைத் திரும்பப் போடுகிறேன்' என்று சொல்லிவிட்டு ஒரே பிரேமை உறையவைத்துச் சமாளிக்கும், அந்தக் கோடு அதற்கான அடையாளம். ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று சிலையாகி மறைவது அதனால்தான்.

இதற்கு என் முதல் மருந்து ரோலிங் எடிட், விசைப்பலகையில் 'N' என்ற எழுத்து. வெட்டை இரண்டு பக்கமும் துணி உள்ள இடத்துக்கு நகர்த்தலாம், மொத்த நீளம் மாறாது. அதற்கும் இடமில்லை என்றால் எபெக்ட் கன்ட்ரோல்ஸ் பெட்டியில் அலைன்மென்ட் என்று ஒன்று இருக்கும். இரண்டாவது கிளிப்புக்கு முன்துணி இல்லை, முதலாவதுக்குப் பின்துணி இருக்கிறது என்றால் 'ஸ்டார்ட் அட் கட்' போடுங்கள், முழு ட்ரான்சிஷனும் வெட்டுக்குப் பிறகு நடக்கும், முதல் கிளிப்பின் வால் மட்டும் போதும். மறுவளமாக இருந்தால் 'எண்ட் அட் கட்'. கனபேர் இவை இரண்டையும் மாற்றிப் பிடிக்கிறார்கள், துணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசித்தால் பிழைக்காது. நிரந்தர மருந்து கமராக்காரரிடம் இருக்கிறது: காட்சி முடிந்த பிறகும் 2 செக்கன் பொறுத்து நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னால் கோபிப்பார். ஆராத்தி எடுத்து முடிய முன்னமே பட்டனை அமத்திவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர்களோடு நானும் எத்தனையோ தடவை கதைத்துப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது விதம், அட்ஜஸ்ட்மென்ட் லேயர். இங்கே ஹான்டில் தேவையே இல்லை, ஏனென்றால் கீழே நடப்பது வெறும் வெட்டு, மேலே இருக்கும் லேயர் இரண்டு கிளிப்பையும் ஒன்றாக இழுத்து ஆட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் லேயருக்கு உங்கள் வெட்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. பேக் செய்தவர் ஒரு நீளத்தை மனதில் வைத்துக் கீபிரேம்களை (அசைவின் அளவு மாறும் புள்ளிகளை) வைத்திருப்பார், நடுக் கீபிரேம் வெட்டோடு சேரவேண்டும் என்று எதிர்பார்த்திருப்பார். நீங்களோ புதிதாக ஒரு லேயரை இழுத்துப் போடுகிறீர்கள், அது அசையாப் படத்துக்கான நீளத்தில், வழக்கமாக 5 செக்கனில் வந்து விழும். பிரீசெட்டைச் சேமிக்கும்போது மூன்று வகையில் ஒன்றைத் தெரிவுசெய்யவேண்டும்: தொடக்கத்தோடு கட்டுவது, முடிவோடு கட்டுவது, லேயரின் நீளத்துக்கு ஏற்ப இழுபடுவது. உங்கள் பேக் தொடக்கத்தோடு கட்டியதாக இருந்தால், 5 செக்கன் லேயரின் முதல் 20 பிரேமிலேயே சூம் ஓடி முடிந்து, மிச்ச நேரம் லேயர் சும்மா படுத்திருக்கும். வெட்டு வருவதற்கு முன்னாலேயே எபெக்ட் முடிகிறது என்று சொன்னீர்களே, எனக்கு இதுதான் என்று படுகிறது.

சரிசெய்வது சுலபம். கீழ் அம்பு, மேல் அம்பு விசைகளால் வெட்டில் போய் நில்லுங்கள், அப்போது திரையில் தெரிவது புதிய கிளிப்பின் முதல் பிரேம். பேக்கின் நீளம் 20 பிரேம் என்றால் ஷிப்டோடு இடது அம்பை இரண்டு தடவை அமத்துங்கள், ஒரு தடவைக்கு 5 பிரேம் வீதம் 10 பிரேம் பின்னால் போவீர்கள். லேயர் அங்கே தொடங்கவேண்டும், வெட்டுக்கு அந்தப் பக்கம் 10 பிரேமில் முடியவேண்டும். லேயரை வெட்டிய பிறகு பிரீசெட்டைப் போடுங்கள், போட்ட பிறகு லேயரை வெட்டவேண்டாம், ஒழுங்கு முக்கியம். பிறகு அந்த எபெக்ட்டுகளைத் தெரிவுசெய்து, இழுபடும் வகையில், அதாவது ஸ்கேல் என்று, உங்கள் பெயரில் ஒரு பிரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை 12 பிரேம் லேயரில் போட்டாலும் நடு நடுவிலேயே நிற்கும்.

ஒரு சின்னப் பொறி இருக்கிறது. நடுக் கீபிரேம் வெட்டில் சரியாக இருந்தும் வெட்டு கண்ணில் குத்தும். ஏனென்றால் வெட்டை மறைப்பது கீபிரேம் இல்லை, வேகம். படம் ஆக வேகமாக ஓடி ஆக மங்கலாக இருக்கும் கணத்தில் வெட்டு விழவேண்டும். கிராப்பைத் திறந்து பார்த்தால் கோடு செங்குத்தாக ஏறும் இடம் அதுதான். பேக்கை யாராவது தட்டித் திருத்தி அந்த இடம் நாலு பிரேம் தள்ளிப் போயிருந்தால் மீட்டுக் கொண்டுவாருங்கள். ட்ரான்ஸ்ஃபோம் எபெக்ட்டில் ஷட்டர் கோணம் சுழியத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மங்கல் இல்லாவிட்டால் எந்த விப்பும் மறைக்காது. 180 போதும், துணிந்தால் 360. அப்புறம் வெளியே போகிற படம் இடப்பக்கம் ஓடினால் உள்ளே வருகிறதும் இடப்பக்கமே ஓடவேண்டும், எதிர்ப்பக்கம் ஓடினால் கதவில் முட்டினது மாதிரி இருக்கும்.

இனி மூன்றாவது, மேலே வைக்கும் வீடியோ. உங்கள் எட்டிப் பார்க்கும் பிரேம் இங்கேதான் பிறந்திருக்கும் என்று எனக்குப் படுவதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். இப்படிப்பட்ட ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளே ஒரு மூடும் பிரேம் இருக்கும், மை முழுத்திரையையும் நிரப்பும் பிரேம், ஒளிக்கசிவு என்றால் ஆகப் பிரகாசமான பிரேம். அது கோப்பின் நடுவில் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஒளிக்கசிவு அநேகமாக வேகமாக எழும்பி மெல்ல அடங்கும், ஆகவே மூடும் பிரேம் முன்பாதியில் இருக்கும். நடுவைப் பிடித்து வெட்டில் வைத்தீர்கள் என்றால் பிழைத்தது. கோப்பைத் தனியாகத் திறந்து பிரேம் பிரேமாக நடந்து, மூடும் பிரேமில் ஒரு மார்க்கர் குத்துங்கள். டைம்லைனில் நிற்கும் கோடு வெட்டில் இருக்கட்டும், மார்க்கர் அந்தக் கோட்டின் கீழ் வரும்வரை கோப்பை நகர்த்துங்கள். புதிய கிளிப்பின் முதல் பிரேமும் மூடும் பிரேமும் ஒன்றாக விழவேண்டும். கறுப்புப் பின்னணியில் வரும் கோப்பு என்றால் பிளெண்ட் மோடை (கீழ்க் காட்சியோடு கலக்கும் முறையை) ஸ்கிரீன் ஆக்கவேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஆனால் ஸ்கிரீனில் வெள்ளைப் பகுதி மட்டும்தான் முழுதாக மறைக்கும், செம்மஞ்சள் ஒளிக்கசிவு பாதிதான் மறைக்கும், அதற்குள் வெட்டு கொஞ்சம் தெரிவது பழுது இல்லை, அதன் இயல்பு.

மார்க்கர் சரியாக வைத்தும் எட்டிப் பார்த்தால் பிரேம் வேகத்தைப் பாருங்கள். இலங்கைத் தொலைக்காட்சி 25 பிரேம் முறையில் வளர்ந்தது, எங்கள் மின்சாரமும் 50 ஹேர்ட்ஸ், ஆகவே இங்கே 25இல் எடுப்பதுதான் வசதி, டியூப் லைட் மினுக்கமும் வராது. ஆனால் நெட்டில் வரும் பேக்குகள் பெரும்பாலும் 24, 30, 60 என்று வரும். 30 பிரேம் கோப்பை 25 பிரேம் டைம்லைனில் போட்டால் செக்கனுக்கு 5 பிரேமை மென்பொருள் தூக்கி எறியவேண்டும், ஆறில் ஒன்று. எறியப்பட்டது உங்கள் மூடும் பிரேமாக இருந்தால்? மூடிய கணமே இல்லாமல் போய்விடும், 'முக்கால் மூடியது', அடுத்தது 'திறக்கத் தொடங்கியது', இடையில் பழைய காட்சி ஓரத்தில் பல்லைக் காட்டும். கோப்பின் முன்பகுதியை எங்கே வெட்டித் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பிரேம் போகும் என்பதும் மாறலாம், ஆகவே ஒரே கோப்பு ஒரு இடத்தில் நன்றாகவும் இன்னொரு இடத்தில் பிழையாகவும் நடக்கும், மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

மருந்து: புரொஜெக்ட் பெட்டியில் அந்தக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, மொடிஃபை, இன்டர்பிரெட் ஃபுட்டேஜ் போய், 25 பிரேம் என்று எடுத்துக்கொள் எனச் சொல்லுங்கள். ஒரு பிரேமும் தொலையாது, பதிலுக்கு வேகம் குறையும், ஒரு செக்கன் கோப்பு 1.2 செக்கன் ஓடும். ஒளிக்கசிவுக்கும் புகைக்கும் அது அழகுதான். விசுக் என்ற சத்தம் கோப்போடு வந்தால் அதைத் தனி ஒடியோவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருந்து வந்த மாமா போனில் எடுத்துத் தந்த கிளிப்புகளும் இருக்குமே. போன் அநேகமாக மாறும் பிரேம் வேகத்தில் எடுக்கும், ஒரு செக்கனில் 30, அடுத்ததில் 28 என்று. ஒடியோ நழுவுவதும் வெட்டு இடம்மாறியது போலத் தெரிவதும் அதனால் வரலாம். ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகம் என்று போட்டு மாற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

ரிசொல்வ் பற்றிக் கேட்டீர்கள். அங்கேயும் ஹான்டில் வேண்டும், அங்கேயும் இன்ஸ்பெக்டரில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று அலைன்மென்ட். சொந்தமாக ட்ரான்சிஷன் செய்கிறவர்களுக்கு ரிசொல்வுக்குள்ளேயே இருக்கும் ஃபியூஷன் என்ற எபெக்ட் பகுதியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது: அசைவைக் கீபிரேமால் வைக்காமல் அனிம் கேர்வ்ஸ் மொடிஃபையரால் ஓட்டினால் ட்ரான்சிஷனை நீட்டினாலும் சுருக்கினாலும் அசைவும் கூடவே நீளும். கீபிரேமால் செய்த இலவச ஃபியூஷன் ட்ரான்சிஷன்களைச் சுருக்கினால் அதே பழைய வியாதிதான். சாமத்திய வீட்டு வீடியோ பாதியில் இருக்கும்போது மென்பொருள் மாறவேண்டாம் என்பேன்.

பார்த்துத் தீர்மானிப்பதற்கு முன் ரென்டர் செய்யுங்கள். டைம்லைன் மேல் சிவப்புக் கோடு இருக்கும்போது பிரீமியர் பிரேம்களை விட்டுவிட்டு ஓட்டக்கூடும், பொருந்திய ட்ரான்சிஷனும் பொருந்தாதது போலத் தெரியும். என்டர் விசையை அமத்திப் பச்சையான பிறகு பாருங்கள்.

பாட்டோடு பொருத்துவது பற்றி எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. வெட்டைத் தவில் அடியின் மேல் சரியாக வைக்கவேண்டுமா, முன்னாலா? நான் ஒரு பிரேம் முன்னால் வைக்கிறேன், அடி விழும்போது புதிய காட்சி ஏற்கனவே திரையில் இருக்கும். ஆதாரம் கேட்டால் என்னிடம் என் கண்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமில்லை. தொழில் தொடங்கின காலத்தில், கெட்டிமேளம் உச்சத்துக்கு ஏறும் அடிக்குச் சரியாக ஒரு வெள்ளை ஒளிக்கசிவைப் பொருத்தினேன், பிரேம் கணக்கில் அச்சொட்டாக இருந்தது. டிவிடியைப் பார்த்த பெண்ணின் அம்மா கேட்டது, "தம்பி, தாலி கட்டினது எங்கை?" முடிச்சு விழுந்த கணத்தை முழுதாக மூடிவிட்டேன். அதற்குப் பிறகு தாலி கட்டு, பொன்னுருக்கு, சாமத்திய வீட்டில் தண்ணீர் வார்ப்பது, ஆராத்தி, இவற்றில் வெறும் வெட்டுத்தான். விப்பும் சூமும் ஹோல் அலங்காரத்துக்கும் பொடியன்மார் ஆடுவதற்கும்.

இன்று இரவு உட்காரப் போகிறீர்கள் என்றால் மிஞ்சின துண்டைத் தேடுங்கள், பிறகு லேயர்களின் நீளத்தைப் பாருங்கள், பிறகு பேக் கோப்புகளின் பிரேம் வேகம். பேக்கில் பிடித்த கோப்புகளை நான் பெயர் மாற்றி வைத்திருக்கிறேன், 'ஒளிக்கசிவு, 30, மூடல் 11' என்கிற மாதிரி, வேகமும் மூடும் பிரேமும் பெயரிலேயே இருந்தால் ஒவ்வொரு தடவையும் தேடத் தேவையில்லை. அதற்குப் பிறகும் எட்டிப் பார்த்தால் அந்த இடத்து டைம்லைனைப் பெருப்பித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ட்ராக் எல்லாம் தெரியத்தக்கதாக.